ஏற்காட்டில் ஓர் ஒத்திகை

வணக்கம் நேயர்களே. அடுப்பில் ஏதாவது இருக்கும், கையில் வேலை இருக்கும். அதை நிறுத்த வேண்டாம், காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுங்கள்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டு 32 வருடம் ஆகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதினேன். மூத்த மருமகள் என்பதால் வீட்டுக் கணக்கும் என்னிடம்தான். இன்று நான் பேச வந்தது, சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகும்போது வருகிற பணச் சங்கடத்தைப் பற்றி. கொழுந்தன், நாத்தனார், பெரியவர்கள், குழந்தைகள் என்று 14 பேர் கிளம்புகிறோம். 14 பேருக்கும் மடி ஒரே அளவிலா கனக்கிறது?

நம் ஊர்க் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். மண்டப வாசலில் மேசை போட்டு, பேரைக் கேட்டு மொய் எழுதுகிறோம். 500 எழுதியவரும் 5,000 எழுதியவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யாரும் கூசுவதில்லை. அதே குடும்பம் சிங்கப்பூர் போகலாமா என்று பேச ஆரம்பித்தால், "உனக்கு எவ்வளவு முடியும்?" என்று கேட்க ஒருவருக்கும் வாய் வருவதில்லை.

எங்கள் வீட்டிலும் வரவில்லை. 2019-இல் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய கொழுந்தன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். நாத்தனார் வீட்டுக்காரர் அரசுப் பள்ளி ஆசிரியர். சின்னக் கொழுந்தனுக்குக் கொலுசுப் பட்டறை. தீபாவளிக்கு முன்னால் ராத்திரி பகலாக வேலை இருக்கும். சில மாதம் ஆட்களுக்குக் கூலி கொடுப்பதே பெரும்பாடு. பெரிய கொழுந்தன் வாட்ஸ்அப் குழுவில் ஓட்டல் படத்தைப் போட்டு, "தலைக்கு 70,000 ஆகும், சரிதானே?" என்று கேட்டார். எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். சின்னக் கொழுந்தனும் போட்டார். அவர் வீட்டில் நாலு தலை. கணக்கு எழுதுகிற எனக்கே அன்றைக்கு அந்த 2,80,000 கண்ணில் படவில்லை.

சிங்கப்பூர் போனோம். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் என்று ஒரு கேளிக்கைப் பூங்கா, அதன் வாசலில் ஒரு பெரிய உலக உருண்டை சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே சின்னக் கொழுந்தன், "எனக்குத் தலைவலி அண்ணி, நீங்க போயிட்டு வாங்க" என்றார். ஓரகத்தியும் இரண்டு பிள்ளைகளும் அவரோடு நின்றுகொண்டார்கள். நாங்கள் உள்ளே போய்விட்டோம். சாயங்காலம் வெளியே வரும்போது, நாலு பேரும் நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஆறு மாதம் கழித்து ஒரு வளைகாப்பில் பார்க்கிறேன், ஓரகத்தி கழுத்தில் வெறும் தாலிக்கயிறு. தனியே கூப்பிட்டுக் கேட்டேன். செயின் அடகில் இருந்தது. "எல்லாரும் சரின்னு சொல்றப்ப நாங்க மட்டும் வேண்டாம்னு எப்படிக்கா சொல்றது?" என்றாள். அந்தத் தலைவலி என்ன தலைவலி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதனால்தான் போகிற இடமெல்லாம் இதைச் சொல்கிறேன். கையில் குறைவாக வைத்திருப்பவரிடம் முதலில் கேளுங்கள். குழுவில் கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள். "வர்றீங்களா?" என்று கேட்டால் வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். "கடன் வாங்காம, நகையைத் தொடாம, எவ்வளவு எடுத்து வைக்க முடியும்?" என்று கேளுங்கள். எல்லாரும் நம்புகிற ஒருவர் வீட்டுக்கு வீடு கேட்டு வர வேண்டும். வந்ததில் மிகக் குறைந்த தொகை எதுவோ, பொதுச் செலவு அதற்குள் அடங்க வேண்டும். அது யார் சொன்ன தொகை என்பது கேட்டவரோடு போகட்டும்.

அடுத்தது ஒத்திகை. வெளிநாடு போவதற்கு முன்னால் அதே கூட்டத்தோடு ஏற்காட்டுக்குப் போங்கள். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர்தான், 20 கொண்டை ஊசி வளைவு. தலைக்கு 1,500 பொதுப் பையில் போட்டு இரண்டு நாள் இருந்து பாருங்கள். அடுத்த சுற்றுலாவுக்கு மலேசியாவில் கோலாலம்பூர் கிளம்புமுன் நாங்கள் அப்படி இருந்து பார்த்தோம். சண்டை எதில் வந்தது தெரியுமா? சாப்பாட்டில். ஒரு வீடு புளிசாதம் கட்டி வந்தது, ஒரு வீட்டுக்கு மூன்று வேளையும் ஓட்டல் வேண்டும். அடுத்தது ஏரியில். பெங்களூர்ப் பையன் மூன்று தடவை படகில் போனான். பட்டறைக்காரர் பையன் ஒரு தடவை போய்விட்டுக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அங்கேயே முடிவு செய்தோம்: குழந்தைகள் ஆடுவது, ஏறுவது எல்லாம் பொதுப் பையிலிருந்து, போனால் எல்லாக் குழந்தையும் போகும். ராத்திரிச் சாப்பாடு எல்லோரும் சேர்ந்து, அதுவும் பொதுப் பையில். மத்தியானம் அவரவர் விருப்பம், அவரவர் காசு.

கோலாலம்பூரைத் தேர்ந்தெடுத்ததற்கும் கணக்கு உண்டு. 2023 டிசம்பரிலிருந்து மலேசியா இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் வரை அனுமதித்தது. 14 பேருக்கு விசாச் செலவு மிச்சம். திருச்சியிலிருந்தே விமானம். குறைந்த கட்டண டிக்கெட்டில் 7 கிலோ கைப்பைதான், பெரிய பெட்டிக்குத் தனிக் காசு. இரண்டு வீட்டுக்கு ஒரு பெட்டி என்று கட்டினோம்.

தங்கிய செலவைத் தலைக்கணக்கில் பிரிக்காமல் அறைக்கணக்கில் பிரித்தோம். அத்தை, மாமா டிக்கெட்டைப் பெரிய கொழுந்தன், "அது நான் அப்பா அம்மாவுக்குச் செய்யறது" என்று எடுத்துக்கொண்டார். கூட வைத்திருப்பவர் தம்பி கையில் காசைத் திணித்தால் தம்பிக்குக் குன்றிப் போகும். இப்படி முழுசாக ஒரு செலவை ஏற்றுக்கொண்டால் எல்லோர் பங்கும் தானாகக் குறையும்.

பத்துமலையில் 272 படி. அத்தைக்கு முழங்கால் வலி. 140 அடி முருகன் காலடியிலேயே உட்கார்ந்து கும்பிட்டார், ஒரு காசு செலவில்லை. இரட்டைக் கோபுரத்தில் மேலே போகச் சீட்டு வேண்டும். பெரியவர்களில் விரும்பியவர்கள் சொந்தக் காசில் ஏறினார்கள், மற்றவர்கள் கீழே பூங்காவில் நீரூற்று பார்த்தார்கள். அங்கே எடுத்த படத்தில் ஓரகத்தி கழுத்தில் செயினோடு நிற்கிறாள். அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள். வரியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிச் சொல்கிறேன். டூர் பேக்கேஜ் எடுத்தால், பணம் வாங்குகிற கம்பெனியே டிசிஎஸ் என்று முன்கூட்டி வருமான வரி பிடிக்கும். ஒருவரே 14 பேருக்கும் கட்டினால் அத்தனையும் அவர் பான் எண்ணில் ஏறும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். வீட்டுக்கு வீடு தனியாகக் கட்டுங்கள். விகிதம் அடிக்கடி மாறுகிறது, கட்டுகிற அன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் காலம் மிச்சம் இருக்க வேண்டும். புதிதாக எடுக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கட்டணத்தில் 10 சதவீதம் குறையும். மலேசியா போகிறவர்கள் வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பயணக் காப்பீடு பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன். நன்றி, வணக்கம்.