கூடையும் பன்னிரண்டு, ஆளும் பன்னிரண்டு

நடுவர் அவர்களுக்கும் சபையாருக்கும் வணக்கம்.

மேசியாவான இயேசுவின் மேல் விசுவாசத்தை உறுதிப்படுத்துவது அற்புதமா, வேதவசனமா? வசனமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் ஐயாயிரம் பேருக்குப் பரிமாறி, நம் எல்லாருக்கும் பசியைக் கிளப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் இது நியாயமா, நடுவர் அவர்களே?

பந்தி முடிந்த பிறகு நடந்ததை அண்ணன் சொல்லவில்லை. யோவான் 6ஆம் அதிகாரத்தை முழுசாக வாசியுங்கள். மறுநாள் கப்பர்நகூமில், 'இது கடினமான உபதேசம்' என்று சீஷர்களிலேயே அநேகர் கழன்றுகொண்டார்கள். சாப்பிட்ட கை காய்ந்த கையோடு! மிஞ்சிய துணிக்கை 12 கூடை. 'நீங்களும் போகிறீர்களா' என்று இயேசு கேட்டதும் 12 பேரிடம். பேதுரு என்ன, 'அப்பம் உம்மிடத்தில் உண்டே' என்றா சொன்னார்? 'நித்தியஜீவ வசனங்கள் உம்மிடத்தில் உண்டே' என்றார்.

அற்புதத்திலெல்லாம் பெரியது உயிர்த்தெழுதல். அதே நாளில் இரண்டு சீஷர்கள் எம்மாவுக்கு நடக்கிறார்கள், ஏழெட்டு மைல். உயிர்த்தவரே கூட நடக்கிறார், அடையாளம் தெரியவில்லை. கல்லறை காலி, தூதர்கள் தோன்றினார்கள் என்ற செய்தியை அவர்களே அவரிடம் சொல்கிறார்கள். அப்படியும் முகம் வாடிக் கிடக்கிறது. ஆணி பாய்ந்த கையை நீட்டியிருந்தால் ஒரு நொடியில் வேலை முடிந்திருக்கும். இயேசு நீட்டவில்லை. மோசேயில் தொடங்கி தீர்க்கதரிசிகள் வரை, தம்மைப் பற்றி வேதத்தில் எழுதியிருப்பதை வழிநெடுக விளக்கிக்கொண்டே வந்தார். 'அப்பம் பிட்டபோதுதானே கண் திறந்தது' என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன். கண் திறந்ததுமே அவர் மறைந்தும் போனாரே! உடனே இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள்? வழியில் வேதவாக்கியங்களை விளக்கியபோது நம் இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா என்று.

பாடுபடும் தாசன் ஒருவரைப் பற்றிய தீர்க்கதரிசனம் ஏசாயா 53. அது இயேசுவைப் பற்றியது என்பது நம் விசுவாசம். என் பாட்டியின் வேதாகமத்தில் அந்த அதிகாரம் இருக்கும் பக்கம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கேறி அப்பளம் போல நொறுங்கும். அடையாளத்துக்கு ஒரு குருத்தோலைச் சிலுவை. தாத்தா படுக்கையில் கிடந்தபோது தெருவே ஜெபித்தது. அவர் பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த இரவு, அடுப்படி விளக்கில் பாட்டி விரல் வைத்து வாசித்தாள்: 'மெய்யாகவே அவர் நம்முடைய பாடுகளை ஏற்றுக்கொண்டு...' எந்த அற்புதம் அவளை அன்றைக்குத் தாங்கியது?

அந்த அதிகாரத்தைப் பிற்பாடு யாரோ செருகினார்கள் என்று சொல்லவும் வழியில்லை. 1947இல் சாக்கடல் ஓரம் கும்ரான் குகையில் அகப்பட்ட ஏசாயா சுருள், இயேசு பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு முந்தியது. ஏழு மீட்டருக்கு மேல் நீளம். 53ஆம் அதிகாரமும் அதில் இருக்கிறது. (அதில் வரும் தாசன் இஸ்ரவேல் மக்களே என்று வாசிக்கும் யூத மரபும் உண்டு. அதற்குத் தனிப் பட்டிமன்றம் வேண்டும்.)

அதே பகுதியைத்தான் எத்தியோப்பிய மந்திரி, காசாவுக்குப் போகும் வழியில் ரதத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். சமாரியாவில் அற்புதங்கள் செய்துவிட்டு வந்த சுவிசேஷகர் பிலிப்பு, இங்கே ரதத்தில் ஏறி அந்த வசனத்தை விளக்கினார். மந்திரி ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறினார், பிலிப்பைக் காணோம். 'மறைந்ததே அற்புதம்தானே' என்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், அது ஞானஸ்நானத்துக்கு அப்புறம். சொல்லிக்கொடுத்தவர் போய்விட்டார், ஊரோ நெடுந்தூரம். ஆனாலும் மந்திரி சந்தோஷமாய்ப் போனார் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். ரதத்தில் அவர் கையில் என்ன இருந்தது? அடுத்துப் பேச வரும் எதிரணி அக்கா அதைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும்.