செப்புத் தகட்டில் ஓர் இருதயம்

(காட்சி: வீட்டுச் சுவரில் திருஇருதய ஆண்டவர் படம். கீழே சிறு விளக்கு.)

தமிழ்க் கத்தோலிக்க வீடுகளுக்குள் நுழைந்தால் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது இந்தப் படம்தான். சிவப்பு அங்கி, நீல மேலாடை, முள்முடி சுற்றிய இருதயத்தோடு இயேசு. இந்த வடிவத்தைப் பரவச் செய்த ஓவியர் பொம்பேயோ பத்தோனி. படம் தெரிந்த அளவுக்குப் பெயர் யாருக்கும் தெரியாது.

(காட்சி: இத்தாலி வரைபடம்.)

1708இல் லூக்கா நகரில் பிறந்தார். அப்பா பொற்கொல்லர். பட்டறையில் பழகிய கையோடு 1727இல் ரோம் போனவர், பழைய சிலைகளைப் பார்த்து வரைந்து விற்றுப் பிழைத்தார். மழைக்கு ஒதுங்கிய பிரபு ஒருவர் அவர் வரைவதைக் கண்டு, கோவிலுக்குப் பீடப் படம் கேட்டாராம். அப்படித்தான் தொடங்கியது என்பார்கள்.

(காட்சி: மந்திரவாதி சீமோன் வானிலிருந்து விழும் ஓவியம்.)

1746இல் கனவு வேலை வந்தது: புனித பேதுரு பேராலயத்துக்கு ஒரு மாபெரும் ஓவியம். கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் உழைத்தார். அதைப் பார்த்து வண்ணத் துண்டுகளைப் பதித்து மொசைக் செய்வதாகத் திட்டம். கடைசியில் அது கைவிடப்பட்டது. ஓவியம் வேறொரு கோவிலுக்குப் போயிற்று. எனக்கு அவர்மேல் பரிதாபம் வருவது இந்த இடத்தில்தான். பிறகு ரோமுக்குச் சுற்றுலா வந்த ஆங்கிலச் சீமான்களை, பின்னால் இடிந்த தூணும் காலடியில் நாயுமாக வரைந்து நன்றாகச் சம்பாதித்தார்.

(காட்சி: செப்புத் தகட்டு ஓவியம், மிக அருகில்.)

1765இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிளமெண்ட் திருஇருதயத் திருவிழாவுக்கு அனுமதி தந்தார். அதுவரை பல படங்களில் இருதயம் மட்டும் தனியே இருந்தது. ஓர் உறுப்பையா வணங்குவது என்று எதிர்த்தவர்கள் கேலி செய்தார்கள். 1767இல் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் அமைப்பு ரோமில் வைத்திருந்த ஜெசு ஆலயத்துக்காகப் பத்தோனி அந்த இருதயத்துக்கு ஒரு முகம் தந்தார். துணியில் அல்ல, செப்புத் தகட்டில். தகட்டுக்கு இழை கிடையாது. வண்ணம் வழுவழுப்பாக உட்காரும். இயேசு நம்மை நேராகப் பார்க்கிறார். எரியும் இருதயத்தைக் கையில் ஏந்தி, வாங்கிக்கொள் என்பதுபோல நீட்டுகிறார்.

1773இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. ஆனாலும் திருஇருதய பக்தி நிற்கவில்லை. போர்ச்சுகல் அரசி மரியா லிஸ்பனில் கட்டிய எஸ்த்ரேலா ஆலயத்துக்குப் பத்தோனியிடமே ஓவியங்கள் கேட்டார். 1787இல் ரோமில் அவர் இறந்தார்.

(காட்சி: இரண்டு படங்களும் அருகருகே.)

ஜெசு ஆலயத்துப் படத்தையும் நம் வீட்டுப் படத்தையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பிரதி எடுத்தவர்கள் காலப்போக்கில் இருதயத்தைக் கையிலிருந்து எடுத்து மார்பில் வைத்துவிட்டார்கள்.