அந்த ஆயிரம் பேர் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

பிறப்பு விகிதம் ஆயிரத்துக்குப் பன்னிரண்டு என்று செய்தியில் வருகிறது. யார் அந்த ஆயிரம் பேர் என்று கேட்டுப் பாருங்கள், 'தாய்மார்கள்' என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். இல்லை. தொட்டிலில் கிடக்கும் குழந்தை, கைத்தடி ஊன்றும் தாத்தா, கல்யாணமே வேண்டாம் என்றிருப்பவர் எல்லோரும் அதில் அடக்கம்.

மக்கள்தொகை 50,000 உள்ள ஓர் ஊரில் ஓராண்டில் 600 குழந்தைகள் உயிருடன் பிறந்தால் விகிதம் 12. ஆண்டு முழுவதும் தலைக்கணக்கு கூடிக் குறைவதால், ஆண்டின் நடுவில் இருந்த தொகையையே எடுத்துக்கொள்கிறார்கள். 'உயிருடன்' என்பதும் சும்மா சேர்த்த சொல் அன்று. வெளிவந்த சிசு ஒரே ஒரு முறை மூச்சு விட்டாலும், தொப்புள்கொடியில் துடிப்புத் தெரிந்தாலும் போதும். மறுநிமிடமே அது இறந்துவிட்டால் பிறப்பில் ஒன்று, இறப்பில் ஒன்று என்று இரண்டு ஏட்டிலும் ஏறும்.

விகிதம் என்பதை வீதம் என்றும் எழுதுகிறோம். எனக்கு வீதம்தான் பிடிக்கும். 'ஆளுக்கு இரண்டு வீதம்' என்று பங்கு வைக்கிறோமே, அந்தச் சொல். ஆங்கிலத்தின் 'ரேட்' என்ற சொல்லுக்கும் மூலம் பங்குக் கணக்குதான். 'கணக்கிட்ட பங்கின்படி' என்று பொருள்படும் 'புரோ ராட்டா' என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்தது.

இந்த எண்ணிக்கைக் கலைக்கு வழி திறந்தவர் ஒரு துணி வியாபாரி. லண்டனில் வாராவாரம் வெளியான சாவுப் பட்டியல்களை அலசி, ஜான் கிரான்ட் 1662இல் ஒரு நூல் வெளியிட்டார். பிறப்புக்கு அவர் கையில் இருந்தது ஞானஸ்நானக் கணக்கு மட்டுமே. ஞானஸ்நானம் பெறாத குழந்தை அந்த ஏட்டில் பிறக்கவே இல்லை! அந்த ஓட்டை அவருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும், பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் சற்றே அதிகம் பிறப்பதை அதிலிருந்தே கண்டுபிடித்தார். இங்கிலாந்தில் அரசே பிறப்பைப் பதியத் தொடங்கியது 1837இல்தான்.

விகிதம் குறைந்தால் உடனே பெண்களைக் கைகாட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு ஊர்ப் பெண்களும் ஆளுக்கு இரண்டு பிள்ளை பெற்றாலும், முதியோர் மிகுந்த ஊரில் விகிதம் தாழ்ந்தே நிற்கும். ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளை பெறுவாள் என்பதற்குக் கருவள விகிதம் என்று வேறொரு கணக்கு இருக்கிறது. மக்கள்தொகை குறையாமல் நிலைத்து நிற்க வேண்டிய அளவு என்று செய்திகளில் அடிபடும் 2.1 அந்தக் கணக்கைச் சேர்ந்தது. ஆயிரம் பேருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நன்றி, வணக்கம்.