கொழும்பு கால் ஃபேஸ் ஹோட்டல்: அந்த ஒரு ஸ்டார் ரிவ்யூக்களை நம்பலாமா?

அடுத்த கேள்வி திருச்சியில் இருந்து. "அம்மா, அப்பாவுடன் கொழும்பு போகிறோம். அம்மாவுக்கு முட்டி வலி. கால் ஃபேஸ் ஹோட்டலில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்று அப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசை. ஆனால் ரிவ்யூ படித்தால் பயமாக இருக்கிறது. பழசு, ஈர வாடை, ஒரே சத்தம் என்று சிலர் திட்டியிருக்கிறார்கள். நம்பலாமா?"

நம்பலாம். ஆனால் அந்தத் திட்டு எந்த வருடத்தது, எந்த அறையைப் பற்றியது என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

முதலில் வருடம். இந்த ஹோட்டல் 1864ல் தொடங்கியது. பழைய வடக்குப் பகுதியைப் பெரிய அளவில் புதுப்பிக்கும் வேலை 2015ல் முடிந்தது. அதனால் 2012ல் ஒருவர் தன் குளியலறையைப் பற்றிப் புலம்பியதை நீங்கள் இப்போது படித்துக் கலங்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியம் 2022. அந்த மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. பெட்ரோலுக்கு நீண்ட வரிசை. ஏப்ரலில், ஹோட்டலுக்குப் பெயர் தந்த கடலோரத் திடலான காலிமுகத்திடலிலேயே, அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பதவி விலகக் கேட்ட 'கோட்டா கோ கம' போராட்டக் கூடாரங்கள் முளைத்துவிட்டன. ஹோட்டல் அந்தத் திடலின் தெற்கு ஓரத்தில்தான் இருக்கிறது. அந்த மாதங்களில் தங்கிய யாராவது 'வெளியே ஒரே கோஷம், கேட்டது கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தால் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் அதை ஹோட்டல் கணக்கில் எழுதக்கூடாது.

அடுத்து, யார் எழுதியது? கூகுளில் அங்கே தங்காதவரும் எழுதலாம். இந்த ஹோட்டலுக்கு மாலை டீக்கு வருகிறவர்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் என்று தனிக் கூட்டமே உண்டு. பார்க்கிங் கிடைக்காத கோபத்தில் ஒருவர் போடும் ஒரு ஸ்டார், உங்கள் கட்டிலைப் பற்றி எதுவும் சொல்லாது. புக்கிங் டாட் காமில் அதன் வழியாகப் பதிவு செய்தவர்தான் எழுத முடியும், மூன்று வருடத்துக்கு மேல் பழையவையும் விலகிவிடும். அறையைப் பற்றி அங்கே படியுங்கள். கூகுளில் விருந்தாளிகள் போட்ட படங்களைப் பாருங்கள்.

என்ன எதிர்பார்த்துப் போனார்கள் என்பதும் ரிவ்யூவை மாற்றும். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலின் லாங் பாரில் வேர்க்கடலைத் தோலைத் தரையில் போடுவதுதான் வழக்கம். தெரிந்து போனவருக்கு அது குஷி, தெரியாமல் போனவருக்குக் குப்பை. இருவருமே பொய் சொல்லவில்லை, பாவம்.

சரி, ஈர வாடைக்கு வருவோம். இந்தப் புகாரை நான் நம்புகிறேன். கட்டடத்தை ஒட்டியே கடல். கொழும்பில் வருடம் முழுக்கக் காற்றில் ஈரம். அதில் உப்பும் சேரும்போது இரும்பு துருப்பிடிக்கும், ஏசி சீக்கிரம் சோர்ந்துபோகும். நாலைந்து நாள் பூட்டிக் கிடந்த அறை என்றால் விரிப்பும் மரச் சாமானும் வாடை பிடித்துவிடும். ஆனால் அது அறைக்கு அறை மாறும். அதோடு இங்கே ஒரே பெயரில் பழைய வடக்குப் பகுதி, ரீஜென்சி பகுதி என்று இரண்டு உண்டு. எந்தப் பகுதி என்று சொல்லாத ரிவ்யூ பாதி ரிவ்யூதான்.

மரத்தரை கிறீச்சிடுகிறது என்றால் தாண்டிப் போங்கள். வெந்நீர், மூட்டைப்பூச்சி, பில்லில் குளறுபடி, இந்த மூன்றில் ஒன்றைக் கடந்த ஆறு மாதத்தில் சம்பந்தமில்லாத மூன்று பேர் சொல்லியிருந்தால் தாண்டிப் போகாதீர்கள். எனக்கு அனுபவம் உண்டு. ஒரு மலை ஊரில், பெயர் வேண்டாம், வெள்ளைக்காரன் காலத்து பங்களா ஹோட்டல். 'காலையில் வெந்நீர் வராது' என்று நான்கு பேர் எழுதியிருந்தார்கள். பழைய கட்டடத்தின் அருமை தெரியாதவர்கள் என்று நானே தீர்ப்பு சொல்லிவிட்டு அப்பாவைக் கூட்டிப்போனேன். டிசம்பர் மாதம். மனிதர் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு மத்தியானம் வரை என்னிடம் பேசவில்லை.

புகாருக்குக் கீழே நிர்வாகம் எழுதும் பதிலையும் படியுங்கள். எல்லோருக்கும் ஒரே 'வருந்துகிறோம்' என்றால் யாரும் எதையும் சரிசெய்யவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இன்ன தளத்தில் இன்ன வேலை நடந்தது என்று எழுதுகிறவர்களிடம் நானே மெயிலில் பேசுவேன்.

நீங்களும் பதிவு செய்யுமுன் ஒரு மெயில் போடுங்கள். அம்மாவுக்கு முட்டி வலி என்று எழுதியிருந்தீர்கள், லிஃப்டுக்குப் பக்கத்து அறை கேளுங்கள். அந்த இரண்டு இரவும் கல்யாண வரவேற்பு ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள், சத்தப் புகாரில் பாதி அங்கேயே தெரிந்துவிடும். அப்புறமும் மனசு ஒப்பவில்லையா, வேறு இடத்தில் தங்கிக்கொண்டு அப்பாவை ஒரு மாலை டீக்கு மட்டும் அங்கே கூட்டிப்போங்கள். சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். தட்டைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள், கொழும்புக் காக்காய்கள் பொல்லாதவை.