பாலக்காட்டு வெயிலில் கருப்பு வெள்ளை ஃபிலிமுக்கு எந்த டெவலப்பர்?

அனைவருக்கும் வணக்கம். சித்தூர் வட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசுகிறேன். கருப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவத் தொடங்கியிருக்கும் நண்பர்கள் பலர், எந்த டெவலப்பரை (ஃபிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தை) வாங்குவது என்று கேட்கிறார்கள். படத்தில் மணல்போலத் தெரியும் துகள் எதில் நுண்மையாக வரும், கூர்மை எதில் கூடும் என்றுதான் பெரும்பாலும் விசாரிக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாயின் இந்தக் கிழக்கு ஓரத்தில் வசிப்பவர்கள் அதற்கு முன்பாகக் குழாயைத் திறந்து, வருகிற தண்ணீரின் வெப்பநிலையை அளந்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நிறுவனங்கள் தரும் நேர அட்டவணைகள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை அடிப்படையாகக் கொண்டவை. நம் மாடித் தொட்டித் தண்ணீரோ கோடையில் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டிவிடுகிறது. இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் ஃபிலிமை ஐடி-11 டெவலப்பரில் தண்ணீர் கலக்காமல் கழுவினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம் ஆகும். 24 டிகிரியில் அதுவே ஐந்தேகால் நிமிடம் அளவுக்குக் குறைந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கும் கீழே இறங்கினால், ஃபிலிமை வைத்துக் கழுவும் ஒளிபுகா டேங்கில் மருந்தை ஊற்றுவதற்கும் வடிப்பதற்கும் ஆகும் நேரமே கணக்கைக் குலைத்து, வானம் போன்ற வெறும் பரப்புகளைத் திட்டுத் திட்டாக்கிவிடும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது கோடாக் டி-76, அல்லது அதற்கு இணையான ஐடி-11. அதில் சம அளவு தண்ணீர் கலந்து, ஒருமுறை பயன்படுத்தியபின் கொட்டிவிட வேண்டும். இப்படிக் கலந்த ஐடி-11 எச்பி5 பிளஸ்ஸுக்கு 20 டிகிரியில் 13 நிமிடம் கேட்கிறது. 24 டிகிரியில் கழுவினாலும் ஒன்பது நிமிடம் கையில் இருக்கும். 1920களில் உருவான டி-76இன் செய்முறையில் மெட்டால், ஹைட்ரோகுவினோன், போராக்ஸ் ஆகியவற்றோடு லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்ஃபைட்டும் உண்டு. அந்தச் சல்ஃபைட்தான் வெள்ளித் துகளின் ஓரங்களைச் சற்றே கரைத்து நுண்மையாக்குகிறது. தண்ணீர் கலக்கும்போது அந்தக் கரைக்கும் தன்மை குறைவதால் துகள் சிறிது தெரியும்; ஆனால் ஓரங்கள் கூர்மை பெறும்.

நம் ஊர்க் காட்சிகளுக்கு இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நடுப்பகலில் கரும்பனையைப் படமெடுத்துப் பாருங்கள்: பின்னால் வெளுத்த வானம், முன்னால் ஏறக்குறைய கருத்துப்போன அடிமரம். வானம் பதிந்த இடத்தில் நீர்த்த டெவலப்பர் விரைவில் களைத்துவிடுகிறது. அடிமரத்தின் சொரசொரப்பு பதிந்த இடத்தில் களைக்காமல் வேலையைத் தொடர்கிறது. டேங்கை அடிக்கடி கவிழ்க்காமல் நிமிடத்துக்கு ஒருமுறை நிதானமாகக் கவிழ்த்தால் இந்தப் பலன் கூடும். அச்சிடும்போது வானத்திலும் மேகம் இருக்கும், பட்டையிலும் வரி இருக்கும்.

வெப்பத்தைக் குறைக்க நான் செய்வது எளிய காரியம். 35 மில்லிமீட்டர் சுருள் ஒன்றுக்கு 150 மில்லி டெவலப்பரையும் அதே அளவு மண்பானைத் தண்ணீரையும் கலந்து, அந்தக் குவளையை ஐஸ்கட்டி போட்ட எவர்சில்வர் குண்டானில் நிறுத்தி, தெர்மாமீட்டர் 24ஐத் தொட்டதும் வெளியே எடுத்துவிடுகிறேன். ஏப்ரலில் 20 டிகிரிக்காகப் போராடத் தேவையில்லை, ஏனெனில் கழுவி முடிப்பதற்குள் அது ஏறிவிடும். படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸரும் அலசும் தண்ணீரும் ஏறக்குறைய அதே வெப்பத்தில் இருப்பது மிக முக்கியம். குளிர்ந்த டெவலப்பரிலிருந்து எடுத்த ஃபிலிமைச் சுடுகிற குழாய்த் தண்ணீரில் காட்டினால் அதன்மேல் பூசியுள்ள ஜெலட்டின் சுருங்கி வலைபோல வெடிக்கக்கூடும்.

அடுத்தது தண்ணீரின் தன்மை. நம் போர்வெல் தண்ணீர் கடினமானது. வீட்டிலேயே மருந்துகளை நிறுத்துக் கலப்பவர்களுக்கு, அதிலுள்ள கால்சியம் சல்ஃபைட்டோடு சேர்ந்து வெண்ணிறக் கசடாகப் படியும். எக்ஸ்டால் வாங்க நினைப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 1996இல் கோடாக் வெளியிட்ட அந்த டெவலப்பர் வைட்டமின் சி வகை மருந்தால் இயங்குவது. தண்ணீரில் சிறிதளவு இரும்பு இருந்தாலும் அது நிறம் மாறாமலே செயலிழந்துவிடும். டி-76 அப்படித் திடீரென்று கைவிடாது. எதைக் கலந்தாலும் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீரில் கலப்பதே நல்லது.

எப்போதாவது ஒரு சுருள் மட்டும் எடுப்பவர்களுக்கு ரோடினால் என்ற டெவலப்பர் பொருத்தமானது. 1891 முதல் வழக்கில் இருக்கும் அது, திறந்த பாட்டிலில்கூட ஆண்டுக்கணக்கில் கெடாது. 300 மில்லிக்கு ஆறு மில்லி போதும். எச்பி5 பிளஸ் போன்ற 400 வேக (ஒளியுணர்வு) ஃபிலிமில் துகள் தூக்கலாகத் தெரியும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் அதை வாங்க வேண்டும். அசைக்காமல் ஒரு மணி நேரம் வைத்திருக்கும் முறையை நம் கோடையில் நான் ஆதரிக்க மாட்டேன், 30 டிகிரியில் ஃபிலிமில் புகைமூட்டம் போன்ற சாம்பல் படிவும் கோடுகளும் விழும். காபித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி ஆகியவற்றைக் கலக்கும் காஃபினால் முறை மாணவர்களுக்குக் காட்ட அருமையானது. திரும்ப எடுக்க முடியாத கல்யாணப் படங்களுக்கு அதை நம்ப வேண்டாம்.

கடைசி அலசலும் பேட்டரித் தண்ணீரிலேயே இருக்கட்டும், இல்லையென்றால் உலர்ந்தபின் உப்புத் திட்டு நிற்கும். கணவாய்க் காற்று புழுதியை வாரிக்கொண்டு வருவதால், நெகட்டிவைத் திண்ணையில் கட்டாமல், தரை நனைத்த குளியலறையில் கதவை மூடித் தொங்கவிடுங்கள்.