முகவரி முதலில், பெயர் பிறகு

நேயர்களுக்கு வணக்கம். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் திடீரென்று நின்றுபோனால், ஃபங்ஷன் (நிரலுக்குள் ஒரு வேலையைச் செய்யும் தனிப் பகுதி) பெயர்களும் வரி எண்களுமாகத் திரையில் ஒரு நீளப் பட்டியல் வரும். அதுதான் ஸ்டாக் ட்ரேஸ். நிரலின் தவறுகளைத் தேடும் கருவிகள் இந்தப் பட்டியலை எப்படி எடுக்கின்றன, எப்படி அச்சிடுகின்றன என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். எடுப்பதும் அச்சிடுவதும் ஒரே வேலை என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போது, வேலை முடிந்ததும் எங்கே திரும்புவது என்ற முகவரி குறித்து வைக்கப்படுகிறது. அழைப்புகள் உள்ளே போகப் போக இந்த முகவரிகள் ஸ்டாக் என்ற மெமரிப் பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். கருவி மேலிருந்து கீழாக இவற்றைப் பொறுக்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் அதன் கையில் இருப்பவை வெறும் எண்கள். பெயர் கிடையாது, வரி எண் கிடையாது.

நிரல் தன் வேலைக்காக மெமரி கேட்கும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளும் சின்னக் கருவி ஒன்றை ஒருமுறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் முகவரிக்குரிய பெயரையும் அங்கேயே தேடி எழுத வைத்தேன். சில நொடிகளில் முடிய வேண்டிய நிரல் முடியவே இல்லை. நானே நிறுத்த வேண்டியதாயிற்று. எண்களை மட்டும் சேமித்து, பெயர் தேடும் வேலையைக் கடைசிக்குத் தள்ளிய பிறகுதான் அந்தக் கருவி உருப்பட்டது. இன்னொன்றும் அப்போது புரிந்தது. ஒரே இடத்திலிருந்து லட்சம் முறை மெமரி கேட்டாலும் அந்த முகவரி வரிசை ஒன்றேதான். ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் அதன் அடையாள எண்ணைக் குறித்தால் போதும். மெமரித் தவறுகளைத் தேடும் கருவிகளான வால்கிரைண்டும் அட்ரஸ் சானிடைசரும் இப்படித்தான் செய்கின்றன. எத்தனை படி ஆழம் வரை எடுப்பது என்பதற்கும் எல்லை உண்டு: வால்கிரைண்டில் நாம் மாற்றாத வரை 12, அட்ரஸ் சானிடைசரின் மெமரிக் குறிப்புகளில் 30.

இவ்வளவு பாடுபட்டு முன்கூட்டியே எடுத்து வைப்பது ஏன்? நிரல் விழுகிற இடம் பல நேரங்களில் தவறு நடந்த இடம் இல்லை. விடுவித்த, அதாவது இனி வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த, மெமரியை ஒரு ஃபங்ஷன் தொடுகிறது என்று வையுங்கள். அந்த ஃபங்ஷன் மேல் பிழையே இருக்காது. வேறெங்கோ, வெகுநேரம் முன்பு, யாரோ அவசரப்பட்டு விடுவித்திருப்பார்கள். அதனால்தான் அட்ரஸ் சானிடைசர் மூன்று பட்டியல்களைத் தருகிறது: இப்போது தொட்ட இடம், விடுவித்த இடம், முதலில் வாங்கிய இடம். முதல் பட்டியலை மட்டும் படித்துவிட்டு மற்ற இரண்டையும் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. விடை பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கும்.

சரி, அச்சிடுவதற்கு வருவோம். நிரல் ஒவ்வொரு முறை ஓடும்போதும் மெமரியில் வேறு வேறு இடத்தில் ஏற்றப்படலாம். அதனால் எந்தக் கோப்பு, அதன் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுத்தான் பெயர் தேட முடியும். ஒரு நுணுக்கமும் உண்டு. சேமித்த முகவரி, அழைப்புக்கு அடுத்த கட்டளையைக் காட்டும். அப்படியே தேடினால் அடுத்த வரியின் எண் வந்துவிடலாம். அதனால் ஒன்றைக் கழித்துவிட்டுத் தேட வேண்டும். இதை மறந்த கருவி நம்மைத் தவறான வரியில் உட்கார வைத்துவிடும்.

பெயர் தேடுவதைத் தள்ளிப்போடுவதில் ஒரு இடர் இருக்கிறது. நடுவில் ஏற்றிய ஒரு லைப்ரரி (ஆயத்த ஃபங்ஷன்கள் அடங்கிய கோப்பு) அச்சிடும் முன்பே இறக்கப்பட்டுவிட்டால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் வரும். வால்கிரைண்டில் அந்த விவரங்களைக் கடைசி வரை வைத்துக்கொள்ளச் சொல்ல ஒரு விருப்பத்தேர்வு இருக்கிறது.

அப்புறம், ஃபிரேம் பாயிண்டர்: ஒவ்வொரு அழைப்புக்கும் ஸ்டாக்கில் உள்ள இடத்தைக் காட்டும் குறி. ஸ்டாக்கில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவ இது நேர்வழி. வேகத்துக்காக, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர்கள் இதை நீக்கிவிடுவது வழக்கமாக இருந்தது. நீக்கிவிட்டால், நிரல் கோப்பிலேயே பிழை தேடுவதற்காக வைக்கப்படும் டுவார்ஃப் அட்டவணைகளைப் பார்த்துப் பார்த்து மெதுவாக நகர வேண்டும். லினக்ஸ் வகைகளில், 2023-இல் வந்த ஃபெடோரா 38-உம், அடுத்த ஆண்டு உபுண்டு 24.04-உம் தங்கள் தொகுப்புகளில் இதைத் திரும்பக் கொண்டுவந்தன. மனதார வரவேற்கிறேன். நன்றி, வணக்கம்.