மெஸ் என்றால் நான்கு பேர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சிவில் கோர்ட்டில் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேஸ் கட்டைவிட அகராதியைத்தான் அதிகம் புரட்டினேன் என்று வீட்டில் சொல்வார்கள். இன்றைக்குப் பேசப்போவதும் அகராதிச் சங்கதிதான்: அலங்கோலம், குழப்பம், கூச்சல் இவற்றுக்கு ஆங்கிலத்தில் இருக்கிற பழைய சொற்கள். அவற்றில் பல, பிறந்தபோது நல்ல ஒழுங்கான பொருளுக்குப் பெயராக இருந்தவை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

முதலில் மெஸ். "என்ன ரூம் இது, ஒரே மெஸ்ஸாகக் கிடக்கிறது" என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம். "மெஸ்ஸில் சாப்பிட்டாயா?" என்றும் கேட்கிறோம். இரண்டில் சாப்பாட்டு மெஸ்தான் மூத்தது. பழைய பிரெஞ்சிலிருந்து 1300 வாக்கில் வந்த சொல். ஒரு வேளைக்கு ஒருவர் முன்னால் வைக்கிற உணவு என்று பொருள். அப்புறம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கே அது பெயராகிவிட்டது. பெரிய விருந்துகளில் நான்கு நான்கு பேராக உட்கார வைப்பார்கள். அந்த நான்கு பேர் ஒரு மெஸ். பட்டாளத்து மெஸ், ஹாஸ்டல் மெஸ் எல்லாம் இந்த வம்சம்.

அந்தக் காலத்தில் லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்தவர்கள் பாடம் படித்தால் மட்டும் போதாது. தாங்கள் சேர்ந்த வக்கீல் சங்கத்து மண்டபத்தில் இத்தனை விருந்து சாப்பிட்டாக வேண்டும் என்று கணக்கு இருந்தது. அங்கேயும் நான்கு பேர் ஒரு மெஸ். 1888-ல் காந்தி இன்னர் டெம்பிள் என்ற சங்கத்தில் சேர்ந்தார். நான்கு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின் கொடுப்பார்களாம். காந்தியோ அதைத் தொடமாட்டார். அப்படியானால் அவர் உட்கார்ந்த மேஜையில் மிச்ச மூன்று பேருக்கு இரண்டு பாட்டில்! அதனால் "எங்களோடு உட்காருங்கள்" என்று அவருக்கு ஏக கிராக்கி. இதை அவரே சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். ஜூனியர்களுக்கு நான் சலிக்காமல் சொன்ன கதை இது, அவர்கள் சலித்திருக்கலாம். மெஸ் என்றால் நான்கு பேர், அதை மறந்துவிடாதீர்கள். பிற்பாடு விலங்குகளுக்குக் கலக்கி வைக்கிற தீனியையும் மெஸ் என்றார்கள். 19-ம் நூற்றாண்டில்தான் அது அலங்கோலத்துக்கு இறங்கியது.

அடுத்தது எங்கள் தொழில் சொல், ஹாட்ச்பாட். சட்டியில் போட்டுக் குலுக்குவது என்று பிரெஞ்சில் பொருள். அது திரிந்து வந்த ஹாட்ச்பாட்ச் என்றால் இன்றைக்குக் கதம்பக் குழப்பம். ஆனால் இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் ஹாட்ச்பாட் நியாயத்துக்கான ஏற்பாடு. கல்யாணத்தின்போது அப்பா ஒரு மகளுக்கு நிலம் கொடுத்துவிட்டார். அவர் காலத்துக்குப் பிறகு மிச்ச நிலத்திலும் அவளுக்குப் பங்கு வேண்டுமென்றால், ஏற்கெனவே வாங்கியதைப் பொதுவில் சேர்க்க வேண்டும். பிறகு சமமாகப் பிரிப்பார்கள். 15-ம் நூற்றாண்டுச் சட்ட ஆசிரியர் தாமஸ் லிட்டில்டன், இது ஒரு புட்டிங், ஒரே பொருளை மட்டும் போட்டு யாரும் புட்டிங் செய்வதில்லை என்று விளக்கம் எழுதினார். சட்டப் புத்தகத்தில் சமையல்! நம் ஊர்ப் பாகப்பிரிவினை வழக்குகளிலும் இந்தச் சொல் உண்டு. சுயார்ஜித சொத்தை, அதாவது தானே சம்பாதித்ததை, ஒருவர் தானாகக் கூட்டுக் குடும்பச் சொத்தோடு கலந்துவிட்டால், ஹாட்ச்பாட்டில் போட்டார் என்றே தீர்ப்புகளில் எழுதுவார்கள். போட்டாரா இல்லையா என்று அண்ணன் தம்பிகள் வருஷக்கணக்கில் சண்டை போடுவது வேறு கதை.

ஷாம்பிள்ஸ் என்றால் இன்று சின்னாபின்னம். ஆதியில் அதுவும் சாதாரண ஸ்டூல், பலகைதான். பிறகு இறைச்சியைப் பரப்பி விற்கிற பலகை, அப்புறம் இறைச்சிக் கடைத்தெரு, அப்புறம் கசாப்புக் கொட்டில், ரத்தக்களரி என்று வளர்ந்து, 20-ம் நூற்றாண்டில் ரத்தமெல்லாம் கழுவிப்போய் வெறும் அலங்கோலம் ஆனது. இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் ஷாம்பிள்ஸ் என்றே ஒரு குறுகலான தெரு இருக்கிறது. கறி தொங்கவிட்ட கொக்கிகளைச் சில கடை வாசல்களில் இன்னும் பார்க்கலாம்.

பெட்லம் மட்டும் எனக்குச் சிரிப்பு வராத சொல். லண்டனில் 1247-ல் பெத்லகேம் மாதா பெயரில் ஒரு மடம் தொடங்கினார்கள். அது பிறகு மனநோயாளிகளின் மருத்துவமனை ஆனது. பெத்லகேம் என்ற பெயர்தான் மக்கள் வாயில் பெட்லம் என்று தேய்ந்தது. உள்ளே அடைபட்டவர்களை வேடிக்கை பார்க்கவே கூட்டம் வரும். 1770-ல்தான் அதைக் கட்டுப்படுத்தினார்கள். கூச்சல் குழப்பத்துக்கெல்லாம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு அப்படி ஒரு பெயர் வைக்கவில்லை பாருங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். சரி, பாண்டமோனியம் மட்டும் சொல்லிவிடுகிறேன். 1667-ல் ஆங்கிலக் கவிஞர் மில்டன் உண்டாக்கிய சொல், நரகத்தின் தலைநகரம். இன்று காட்டுக் கூச்சலுக்குப் பெயர். மில்டனிடமோ அது தூண் நிறுத்திக் கட்டிய அரண்மனை; பிசாசுகள் அங்கே ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசுகின்றன.

ஹிக்கிள்டி பிக்கிள்டி, ஹெல்டர் ஸ்கெல்டர் போன்றவை பிறவியிலேயே தாறுமாறு. அவற்றுக்குத்தான் கடைசியில் ஐந்து நிமிஷம் வைத்திருந்தேன், காந்தி எடுத்துக்கொண்டுவிட்டார். வணக்கம்.